குலுக்காமல் அளத்தல்

ஒரு சேர்மம் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே எந்த விகிதத்தில் பிரிந்து நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் பங்கீட்டுக் கெழு; எண்ணெயாக வழக்கமாக ஆக்டனால் என்ற ஆல்கஹாலை வைப்பார்கள். இதை மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் முறையில், அதாவது மெல்லிய குழாய்க்குள் திரவங்களை ஓட்டி, அளப்பது பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக ஒரே வரியில்தான் தொடங்குகிறார்கள்: பிரிபுனலில் ஒரு நாள் பிடிக்கும் வேலை, நூலிழைக் குழாயில் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இந்த வரி முழுப் பொய் இல்லை, ஆனால் பாராட்டு இடம் மாறி விழுகிறது. பழைய குலுக்கல் முறையிலும் சமநிலை வருவதற்கு ஒரு நாள் ஆவதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி. வேதிப்பொருள் சோதனைக்கு வகுத்த 107ஆம் வழிகாட்டி குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய நூறு முறை சுழற்றச் சொல்கிறது. பெரும்பாலான சேர்மங்களுக்கு அது போதும். மீதி நேரமெல்லாம் எண்ணெயும் தண்ணீரும் மறுபடி பிரிவதற்காகக் காத்திருப்பதிலும், மையவிலக்கியில் சுற்றுவதிலும், மேலே மிதக்கும் ஆக்டனாலைத் தொடாமல் கீழே உள்ள நீரை எடுப்பதிலும் போகிறது. ஆகவே சிறிய குழாய் எந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று கேட்டால், ஏற்கெனவே சுருக்கமாக இருந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

அப்படியானால் இந்தக் கருவியால் என்ன பயன்? பயன் இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைப் புரிந்துகொள்ளாமல் கருவியை அமைத்தால், அழகான, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற, தவறான எண்கள் கிடைக்கும்.

ஆயிரத்தில் ஒரு பங்கு

ஆக்டனாலில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுத்தால் பங்கீட்டுக் கெழு. அதன் மடக்கை லாக் பி. நெர்ன்ஸ்ட் 1891இல் சொன்ன விதி, மேயரும் ஓவர்டனும் ஆலிவ் எண்ணெயை வைத்து மயக்க மருந்துகளின் வீரியத்தோடு கோத்த கதை, ஹான்ஷும் ஃபுஜிதாவும் 1960களில் ஆக்டனாலை அளவுகோலாக்கியது எல்லாம் இந்தத் துறைக்காரர்களுக்குப் பாடம். அதைத் தாண்டிப் போவோம்.

பிரித்தெடுத்த நீரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆக்டனால் நுண்துளிகளாகக் கலந்து வந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோலிட்டர். கண்ணுக்குத் தெரியாது, நீர் கொஞ்சம்கூட மங்கலாக இருக்காது. கெழு 10 உள்ள சேர்மத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது: நீரின் செறிவு ஒரு விழுக்காடு கூடும், லாக் பி 1.00 என்பது 0.996 ஆகும். கெழு 100 என்றால் பத்து விழுக்காடு பிழை; 2.00 என்பது 1.96. இதுவரை கவலையில்லை. கெழு 1,000 என்றால் நீரில் இருக்கும் சேர்மம் எவ்வளவோ அதே அளவு அந்தத் துளிகளிலும் இருக்கிறது. நீரின் செறிவு இரட்டிப்பாகத் தெரியும், 3.0 என்பது 2.7 ஆகிவிடும். கெழு 10,000 என்றால் பதினொரு மடங்கு; 4.0 என்பது 2.96. அதற்கு மேல் எந்தச் சேர்மத்தை வைத்தாலும் விடை 3இல் போய் முட்டிக்கொண்டு நிற்கும். துளிகளின் பங்கு என்னவோ அதன் தலைகீழ்தான் நீங்கள் அளக்கக்கூடிய உச்சக் கெழு. ஒரு கூரை போல அது மேலே நிற்கிறது. சமநிலை எவ்வளவு வேகமாக வந்தாலும் கூரை உயராது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் வேறு வரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஓ.இ.சி.டி. குலுக்கல் முறையை ஏன் லாக் பி 4 வரைக்கும் என்று வரையறுத்தது, அதிக எண்ணெய் நாட்டம் உள்ள சேர்மங்களுக்கு 2006இல் மெதுவாகக் கலக்கும் 123ஆம் வழிகாட்டியை ஏன் கொண்டுவந்தது என்பது விளங்கும். தயிரைக் கடைந்தால் கொழுப்பு திரள்கிறது. ஆக்டனாலைக் கடைந்தால் பால்மம்தான் மிஞ்சும். ஆக்டனால்–நீர் இடைமுக இழுவிசை (இரண்டும் தொடும் பரப்பின் இறுக்கம்) மீட்டருக்கு 8.5 மில்லிநியூட்டன் அளவுதான். ஹெக்சேன்–நீருக்கு இது 50. இவ்வளவு தளர்ந்த இடைமுகத்தை உலுக்கினால் துளி நொறுங்காமல் என்ன செய்யும்? மெதுவாகக் கலக்கும் முறை இடைமுகத்தை உடைக்காமல் விட்டுவிட்டு, விரவலுக்காக (மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதற்காக) நாள்கணக்கில் காத்திருக்கிறது. நுண்குழாய் அதே இடைமுகத்தை உடைக்காமல் வைத்துக்கொண்டு, விரவ வேண்டிய தூரத்தை மட்டும் குறைக்கிறது. மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் பங்கீட்டு அளவீட்டைக் குலுக்கல் முறையின் வேகமான தம்பி என்று சொல்வதைவிட, மெதுவாகக் கலக்கும் முறையின் பேரப்பிள்ளை என்று சொல்வது பொருத்தம்.

தூரம் குறைவதால் வரும் லாபம் பெரிதுதான். மருந்து போன்ற சிறு மூலக்கூறு நீரில் ஒரு சென்டிமீட்டர் விரவ ஏறக்குறைய 23 மணி நேரம் பிடிக்கும். நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு போவதால், பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு நொடி போதும். ஆக்டனாலின் பாகுநிலை (ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) நீரைப் போல எட்டு மடங்கு என்பதால் அந்தப் பக்கம் அதே தூரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். தாமதம் எப்போதும் ஆக்டனால் பக்கத்தில்தான் என்பதை மனதில் வையுங்கள். பின்னால் குழாயின் நீளத்தை முடிவு செய்யும்போது இது வேலைக்கு வரும்.

குழாய், இணைப்பு, ஓட்டம்

நுண்கால்வாய்கள் உள்ள சில்லு செதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1.6 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 0.5 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள எஃப்.இ.பி. (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) குழாய், அதே துளையளவுள்ள ஒரு டி இணைப்பு, இரண்டு சிரிஞ்ச் பம்புகள், ஒரு சவ்வுப் பிரிப்பான் இருந்தால் போதும். நீரை ஒரு கையிலும் ஆக்டனாலை மறு கையிலும் நிமிடத்துக்கு 50 மைக்ரோலிட்டர் வீதம் விட்டால், இணைப்பைத் தாண்டியதும் நீர்த் துண்டு, ஆக்டனால் துண்டு என்று மாறி மாறி ரயில் பெட்டிகள் போல ஓடும். ஒவ்வொரு துண்டும் குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு நீளம், ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும். ஓடும்போது துண்டுக்குள்ளேயே திரவம் சுழன்றுகொண்டிருக்கும். சுவரை ஒட்டிய திரவம் பின்தங்க, நடுவில் உள்ளது முன்னேற, இடைமுகத்துக்குப் புதிய திரவம் வந்துகொண்டே இருக்கும். இந்தச் சுழற்சி இல்லையென்றால் அரை மில்லிமீட்டர் குழாயில் ஆக்டனால் பக்கச் சமநிலைக்கு ஏழெட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

வேகத்தை ஏன் இந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பாகுநிலையை வேகத்தால் பெருக்கி இடைமுக இழுவிசையால் வகுத்தால் கிடைக்கும் கேப்பிலரி எண் 0.01க்குக் கீழே இருந்தால், டி இணைப்பில் நீர் முழு வாயையும் அடைத்துக்கொண்டு, பின்னாலிருந்து வரும் ஆக்டனாலின் அழுத்தத்தால் நிதானமாக நறுக்கப்படும். துண்டின் நீளம் இரண்டு ஓட்டங்களின் விகிதத்தைப் பொறுத்து மட்டுமே மாறும் என்று கார்ஸ்டெக்கியும் சகாக்களும் 2006இல் காட்டியது இந்த நிலைக்குத்தான். மேலே சொன்ன ஓட்டத்துக்கு எண் 0.007. மொத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 400 மைக்ரோலிட்டராக்கினால் 0.03 ஆகிவிடும். நறுக்கல் மாறிச் சொட்டலாகும். ஒவ்வொரு பெரிய துளிக்குப் பின்னாலும் பொடித் துளிகள் பிறக்கும். அவசரப்பட்டு ஓட்டத்தைக் கூட்டுகிறவர், எதைத் தவிர்க்கக் குழாய்க்கு வந்தாரோ அதையே குழாய்க்குள் உண்டாக்குகிறார்.

தயாரிப்பில் ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் கெடும். ஆக்டனாலையும் நீரையும் முதலில் ஒன்றோடு ஒன்று 24 மணி நேரம் கலந்து, தெளியவிட்டு, நிறைவுற்ற நிலையில்தான் சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். ஆக்டனாலில் நீர் கரையாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். லிட்டருக்கு 40 கிராம் அளவுக்குக் கரையும், எடையில் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு. உலர்ந்த ஆக்டனாலை விட்டால் அது குழாய்க்குள் ஓடும்போதே நீர்த் துண்டைக் குடித்துச் சுருக்கும். நீங்கள் பம்பில் வைத்த பருமன் விகிதம் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் விகிதம் வேறாகவும் ஆகிவிடும். அமிலம் அல்லது காரத் தன்மையுள்ள சேர்மமென்றால் நீருக்குப் பதில் தாங்கல் கரைசல், அதாவது பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல். அதையும் ஆக்டனாலால் நிறைவு செய்த பிறகு பிஹெச்சை மறுபடி பார்க்க வேண்டும்.

சிரிஞ்ச் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சிரிஞ்சின் உள்சுவரில் வழுக்குவதற்காக சிலிகோன் எண்ணெய் பூசியிருப்பார்கள். அது இடைமுகத்துக்குப் போய்ச் சேரும். ரப்பர் அடைப்பு சேர்மத்தையும் குடிக்கும். காற்றுப்புகாத கண்ணாடி சிரிஞ்ச், டெஃப்லான் முனை. அளவும் முக்கியம்: 10 மில்லிலிட்டர் சிரிஞ்சை இவ்வளவு மெதுவாகத் தள்ளினால் மோட்டாரின் ஒவ்வொரு அடியும் ஓட்டத்தில் துடிப்பாகத் தெரியும், துண்டுகள் நீளமும் குட்டையுமாக வரும். 2.5 மில்லிலிட்டர் சிரிஞ்ச் 50 நிமிடம் தாங்கும், துடிப்பும் குறைவு.

இப்போது அந்த இரண்டு நிமிடக் கதைக்கு வருவோம். ஒரு மீட்டர் குழாயின் கொள்ளளவு 0.2 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 100 மைக்ரோலிட்டர் மொத்த ஓட்டத்தில் துண்டு இரண்டு நிமிடம் உள்ளே இருக்கும். விளம்பரத்தில் வருவது இந்த எண். ஆனால் இரண்டு மீட்டர் குழாய் போட்டு, புதிய சேர்மத்துக்கு மாறும்போது குழாயின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு விட்டுக் கழித்து, பிறகு ஒவ்வொரு திரவத்திலும் 100 மைக்ரோலிட்டர் பிடித்தால் ஏறக்குறைய கால் மணி நேரம். மூன்று பருமன் விகிதம், இரண்டு குழாய் நீளம் என்றால் ஒன்றரை மணி. அதுவும் மோசமில்லை. ஆனால் இரண்டு நிமிடமில்லை.

ஏன் அவ்வளவு விட்டுக் கழிக்க வேண்டும்? எஃப்.இ.பி. சுவரை ஆக்டனால் நனைக்கும், நீர் நனைக்காது. ஆகவே நீர்த் துண்டு சுவரைத் தொடாமல், மெல்லிய ஆக்டனால் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரெதர்ட்டன் 1961இல் கொடுத்த விதியைச் சற்றுத் திருத்திப் போட்டால் நம் குழாயில் படலத்தின் தடிமன் 11 மைக்ரோமீட்டர் வருகிறது. குறுக்குவெட்டில் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு. இந்தப் படலம் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. ஒரே சேர்மம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதனால் கெடுதல் இல்லை, படலமும் சமநிலைக்கு வந்துவிடும். சேர்மத்தை மாற்றும்போதுதான் பழைய சேர்மம் படலத்தில் தங்கி, புதிய நீர்த் துண்டுகளுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். வரிசையாகப் பத்துச் சேர்மங்களை ஒரே குழாயில் ஓட்டும்போது, எண்ணெய் நாட்டம் குறைந்ததை முதலிலும் மிகுந்ததைக் கடைசியிலும் வைப்பதற்கு இதுதான் காரணம்.

பிரிப்பது

இந்த அளவுகளில் புவியீர்ப்பு உதவிக்கு வராது. ஆக்டனாலுக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடும் இழுவிசையும் சேர்ந்து முடிவு செய்கிற நீளம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அதைவிடச் சிறிய குழாயில் இழுவிசையின் ஆட்சிதான் நடக்கும். கீழே நீர், மேலே எண்ணெய் என்ற பிரிபுனல் புத்தி அங்கே செல்லாது. அந்த இழுவிசையையே வேலைக்கு வைப்பதுதான் வழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் யென்சன் என்பவரின் ஆய்வுக் குழு வளர்த்தெடுத்த சவ்வுப் பிரிப்பான் இதைத்தான் செய்கிறது: நுண்துளைகள் கொண்ட டெஃப்லான் சவ்வை ஆக்டனால் நனைத்து ஊடுருவும், நனைக்காத நீர் மேலேயே நின்று வேறு வாயால் வெளியேறும்.

நீரைத் தடுத்து நிறுத்துவது துளையில் இடைமுக இழுவிசை உண்டாக்கும் எதிரழுத்தம், அதாவது லாப்லாஸ் அழுத்தம். ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளைக்கு, ஹெக்சேன்–நீர் என்றால் ஏறக்குறைய 200 கிலோபாஸ்கல் வரை தாங்கும். ஆக்டனால்–நீர் என்றால் 34தான், அதுவும் தொடுகோணம் முழுமையாகச் சாதகமாக இருந்தால். மற்ற கரைப்பான்களை வைத்துப் பழகியவர்கள் ஆக்டனாலில் சறுக்குவது இங்கேதான். அவர்கள் கையில் இருந்த இடைவெளி ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 0.2 மைக்ரோமீட்டர் துளைக்குப் போனால் 170 கிலோபாஸ்கல் கிடைக்கும், ஆனால் எட்டு மடங்கு பாகுநிலையுள்ள ஆக்டனால் அந்தச் சிறு துளைகள் வழியாகப் போகத் திணறும். சவ்வின் பரப்பைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

சவ்வின் இரு பக்க அழுத்த வேறுபாட்டை எதால் நிர்ணயிக்கிறோம்? வெளியேறும் குழாய்களால். நீர் வெளியேறும் வாயில் 0.25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் குழாயை மாட்டினால், நிமிடத்துக்கு 50 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் 8 கிலோபாஸ்கல் பின்னழுத்தம் வரும். ஆக்டனாலைச் சவ்வு வழியாகத் தள்ளுகிற விசை இதுவே. பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று ஆக்டனால் வாயிலும் அதே குழாயை அதே நீளத்துக்கு மாட்டுகிறவர்கள் உண்டு. அங்கே பாகுநிலையால் 60 கிலோபாஸ்கலுக்கு மேல் வரும், அழுத்த வேறுபாடு தலைகீழாகும், ஆக்டனால் சவ்வுக்குள் போகாமல் நீரோடு சேர்ந்தே வெளியேறும். ஆக்டனால் வாய்க்கு 0.75 மில்லிமீட்டர் உள்விட்டமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாய் போதும், அதில் 0.2 கிலோபாஸ்கல்கூட வராது. பிடிக்கும் குப்பிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் ஒரு கிலோபாஸ்கல், நமக்கு இருக்கும் இடைவெளியில் அது சில்லறை இல்லை.

பிரிப்பான் இரண்டு விதமாகத் தவறும். அழுத்தம் மிஞ்சினால் நீர் சவ்வைத் துளைத்து ஆக்டனாலுக்குள் போகும். அழுத்தம் குறைந்தால் ஆக்டனால் நீரோடு தங்கும். சுத்தமான பிரிப்பு என்றால் இரண்டும் இல்லாத நடு இடம் என்று எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். லாக் பி அளப்பவருக்கு அந்த நடு இடம் தேவையே இல்லை என்பது என் கட்சி. ஆக்டனாலில் ஒரு விழுக்காடு நீர் கலந்தால் என்ன நஷ்டம்? அதன் செறிவு ஒரு விழுக்காடு குறையும், லாக் பியில் 0.004. நீரில் அதே ஒரு விழுக்காடு ஆக்டனால் கலந்தால் கூரை 2.0இல் இறங்கிவிடும். இரண்டு தவறுகளும் சமமில்லை. ஆகவே எண்ணெய் நாட்டம் உள்ள சேர்மத்துக்கு, ஆக்டனால் வாயில் அவ்வப்போது ஒரு நீர்த்துளி எட்டிப் பார்க்கும் வரை பின்னழுத்தத்தைக் கூட்டி, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆக்டனால் அசுத்தமாகட்டும், நீர் சுத்தமாக இருக்கட்டும். லாக் பி பூச்சியத்துக்குக் கீழே உள்ள சேர்மத்துக்கு இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

குலுக்கல் முறையில் தீராத இன்னொரு தொல்லையும் இங்கே தானாகவே போகிறது. நீர் கீழே, ஆக்டனால் மேலே. நீரை எடுக்க ஊசி ஆக்டனால் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஊசியில் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு, அதை மெல்ல வெளியேற்றியபடியே ஆக்டனாலைக் கடக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. கை நிதானத்தைப் பொறுத்த வித்தை அது. குழாயில் நீர் தன் வாயால் தானே வருகிறது.

ஒரே கருவி, இரண்டு எண்கள்

வலிநிவாரணியான ஐபுபுரோஃபென்னை எடுத்துக்கொள்ளலாம். அமிலம்; அதன் பிகேஏ, அதாவது பாதி அயனியாகும் பிஹெச், 4.5ஐ ஒட்டி. பிஹெச் 2இல் முழுவதும் அயனியாகாத வடிவம், லாக் பி 3.97. பிஹெச் 7.4இல் பெரும்பகுதி அயனி, லாக் டி (அயனியையும் சேர்த்து அந்தப் பிஹெச்சில் அளக்கும் கெழுவின் மடக்கை) ஏறக்குறைய 1.1. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆக்டனாலை நீரோடு விடுகிற பிரிப்பானில் இரண்டையும் அளந்தால், 7.4இல் 1.1 என்ற சரியான எண் வரும். அதைப் பார்த்துக் கருவி நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிஹெச் 2இல் 2.96 வரும், மூன்று முறை ஓட்டினாலும் 2.96தான். பிழை சீரானது என்பதால் திரும்பச் செய்வதால் வெளிப்படாது.

வெளிப்படுத்த ஒரு வழி, இரண்டு எண்களின் வேறுபாட்டிலிருந்து பிகேஏவைப் பின்னோக்கிக் கணக்கிடுவது. 3.97லிருந்து 1.1 போனால் 2.87, 7.4லிருந்து அதைக் கழித்தால் 4.5. தவறான எண்ணை வைத்தால் 5.5 வரும். நடுநிலையாக்கலில் தனியே அளந்த பிகேஏவோடு இது ஒத்துப்போகவில்லை என்றால் குற்றவாளி சேர்மம் அல்ல, சவ்வு. இன்னொரு வழி பருமன் விகிதத்தை மாற்றிப் பார்ப்பது. ஆக்டனாலின் ஓட்டத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கலந்து வரும் துளிகளும் பொதுவாகக் குறையும். உண்மையான கெழு மாறாது, போலிக் கெழு ஏறும். விகிதம் மாறும்போது லாக் பி 0.1க்கு மேல் நகர்ந்தால் எண்ணை நம்ப வேண்டாம். தாங்கல் இல்லாத வெறும் நீரில் ஐபுபுரோஃபென்னை ஓட்டிவிட்டு அதை லாக் பி என்று எழுதுவது வேறு பாவம். அங்கே பிஹெச்சை முடிவு செய்வது சேர்மத்தின் செறிவு.

நீளச் சோதனை இதிலிருந்து வேறானது. அதே ஓட்டத்தில் ஒரு மீட்டரும் இரண்டு மீட்டரும் போட்டுப் பார்த்து, விடை ஒன்றாக இருந்தால் சமநிலை வந்துவிட்டது என்று பொருள். நீளத்தை மாற்றாமல் ஓட்டத்தைப் பாதியாக்கி நேரத்தைக் கூட்டினால் அது நல்ல சோதனை ஆகாது. ஓட்டம் குறையும்போது உள்சுழற்சி, படலத் தடிமன், சவ்வழுத்தம் மூன்றும் சேர்ந்து மாறும், எதனால் விடை மாறியது என்று சொல்ல முடியாது.

பிரிக்காமலே பார்த்தால்?

பிரிப்பதில் இவ்வளவு சிக்கல் என்றால், ஓடும் துண்டுக்குள்ளேயே ஒளியை விட்டு இரு பக்கச் செறிவையும் படித்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பானது. எஃப்.இ.பி.யின் ஒளிவிலகல் எண் 1.34, நீருக்கு 1.33, ஆகவே நீர்த் துண்டு சுவரில்லாதது போலத் தெளிவாகத் தெரியும். ஆக்டனாலுக்கு 1.43 என்பதால் அது லென்ஸாக வளைக்கும். துண்டின் முனைகளை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் படிக்க வேண்டும். தடை அதுவல்ல, பாதை நீளம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் சில்லில், ஒரு சென்டிமீட்டர் குவெட்டோடு (ஒளி அளவீட்டுக்கான கண்ணாடிக் கலம்) ஒப்பிட்டால் உட்கவர்தல் நூறில் ஒன்றாகிவிடும். 273 நானோமீட்டரில் நன்றாக உறிஞ்சும் காஃபீன்கூட ஒரு மில்லிமோலாரில் 0.1தான் காட்டும். லாக் பி 4 உள்ள சேர்மத்தின் நீர்ப்பக்கச் செறிவு மைக்ரோமோலாரில் இருக்கும். அங்கே இரைச்சலைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒளிர்வு தருகிற சேர்மங்களுக்கு வழி உண்டு. ஆனால் ஒளிர்வின் அளவு கரைப்பானுக்குக் கரைப்பான் மாறுவதால், நீருக்கும் ஆக்டனாலுக்கும் தனித்தனி அளவுத்திருத்தக் கோடு போட வேண்டும். மருந்துகளில் பெரும்பாலானவை ஒளிர்வதுமில்லை. லாக் பி −1இலிருந்து 2 வரையிலான சேர்மங்களுக்கு இது அழகான முறை. அதற்கு மேலே குப்பியில் பிடித்து ஹெச்.பி.எல்.சி.யில் (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஏற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பி.டி.எம்.எஸ். என்ற சிலிகோன் பொருளால் ஆன சில்லில் இதைச் செய்வது பற்றி ஒரு வார்த்தை. செதுக்குவது சுலபம், ஒளி ஊடுருவும், எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். ஆனால் அது ரப்பர். எண்ணெய் நாட்டமுள்ள சேர்மங்களுக்கு மூன்றாவது திரவம் போலவே நடந்துகொள்ளும். நூறு மைக்ரோமீட்டர் சதுரக் கால்வாயின் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் 0.1 மைக்ரோலிட்டர் திரவம் இருக்கும். அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அகலம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன் ரப்பர் இருந்தால் அது 500 மைக்ரோலிட்டர். ஐயாயிரம் மடங்கு. சேர்மம் எங்கே போய் உட்காரும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியோ ஃப்ளூரோபாலிமரோதான் சரி. அப்போதும் உள்ளே விட்ட அளவையும் இரு குப்பிகளிலும் வந்த மொத்த அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் காணாமல் போனால் சுவரையோ இணைப்பின் வளையத்தையோ சந்தேகிக்கலாம். நீர்ப்பக்கத்தை மட்டும் அளந்து மீதியெல்லாம் ஆக்டனாலில் இருக்கிறது என்று கழித்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களே இழக்கிறார்கள். சுவர் தின்றதும் ஆக்டனாலின் கணக்கில் ஏறி, லாக் பி கூடுதலாக வரும்.

எங்கே நிறுத்துவது

புதிதாக அமைத்த குழாயை காஃபீன், பீனால், நாஃப்தலீன் மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகே பெயர் தெரியாத சேர்மத்துக்குப் பயன்படுத்துவது நல்லது. காஃபீன் −0.07, பீனால் 1.46, நாஃப்தலீன் 3.3. முதலிரண்டும் சரியாக வந்து மூன்றாவது குறைவாக வந்தால் துளி கலக்கிறது. மூன்றாவது கூடுதலாக வந்தால் சுவரோ ஆவியாதலோ. நாஃப்தலீன் திறந்த குப்பியில் நிற்காது.

பங்கீட்டு அளவீட்டில் பத்து விழுக்காடு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், லாக் பி 4க்கு நீரில் ஆக்டனாலின் பங்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 5க்குப் பத்து லட்சத்தில் ஒன்று. நீங்கள் பிடிக்கும் நீர் 100 மைக்ரோலிட்டர் என்பதால், அந்தப் பத்து லட்சத்தில் ஒன்று என்பது 58 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளி. தலைமுடியின் தடிமன். சவ்வு ஒரு நொடி தயங்கினாலும், சிரிஞ்சில் ஒரு குமிழி நகர்ந்தாலும் அந்தத் துளி வந்துவிடும். எனவே 4ஐத் தாண்டும் சேர்மங்களுக்கு நீர்க்குப்பியைப் பத்து நிமிடம் மையவிலக்கியில் சுற்றி, மேலே ஏறியதைத் தொடாமல் அடியிலிருந்து பாதியை மட்டும் எடுத்து ஏற்றுவது நல்லது. இவ்வளவு நுணுக்கமாகக் குழாய் அமைத்துவிட்டுக் கடைசியில் பழைய மையவிலக்கிக்கே போவதா என்று சலிப்பாக இருக்கும்தான். 5ஐத் தாண்டினால் அதுவும் போதாது, மெதுவாகக் கலக்கும் கண்ணாடிக் கலத்தை எடுத்து வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியதுதான்.